உதட்டில் வெயில்

முற்றத்து வெள்ளை மணலில் பரீனா கீழுதட்டை விரலால் மடித்துப் பிடித்தபடி குந்தியிருக்கிறாள். மணலில் பட்ட வெயில் திரும்பி அவள் வாய்க்குள் ஏறுகிறது. பெரியபிள்ளையான நாள் முதல் வெளிச்சம் படாமல் மூடி வைக்கச் சொன்ன முகத்தைச் சூரியனுக்குக் காட்டச் சொல்வதும் அதே உம்மாதான். உதட்டில் விழுந்த வெண்புள்ளிக்குப் பரிசாரி கொடுத்த கார்போகரிசிக் களிம்பு வெயில் பட்டால்தான் வேலை செய்யுமாம். வெளியே மட்டும் பூசச் சொன்னார் அவர். வெள்ளை உள்ளேயும் இறங்கிவிடும் என்று பயந்த உம்மா வாய்க்குள்ளும் பூசிவிட்டாள். முந்தாநாள் வெயில் உள்தோலில் கொப்புளமாக எழும்பி, இன்று உடைந்து, எச்சில் பட்டாலே எரிகிறது. கிடுகு வேலிக்கு அப்பால் யாரோ வீட்டுத் தறி ஓயாமல் அடிக்கிறது.

"கொஞ்சம் பொறு மகள். வெள்ளிக்கிழம மாப்புள ஊட்டுப் பொம்புளயள் வாறாங்க," என்று குனிந்த உம்மாவின் விரல் களிம்போடு அப்படியே நிற்கிறது. வெள்ளை இறங்காத உள்ளுதட்டில் இப்போது பச்சைப் புண். உம்மா விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்கிறாள்.

"அவங்க வந்தா வாயத் திறக்காம இரி. சிரிக்கவும் வேணாம்."

பரீனா உதட்டை விடுகிறாள். வார்த்தை வலியோடு மெல்ல வருகிறது.

"ஊமைப் புள்ளயெண்டே சொல்லுங்க உம்மா. அத ஒரு குறையா எடுக்க மாட்டாங்க."