பாலத்தில் நிற்கிறவன்

மன்னார்ப் பாலத்தில் போகும்போது முன்சில்லைத் தாங்கும் இரும்புக்கை முறிந்து, மனுவேலின் லொறி கடலுக்குள் விழுந்தது. அந்தக் கையைக் கடைந்து கொடுத்தவர் அவனுடைய தகப்பன் சந்தியோகு. லொறியும் கிடைக்கவில்லை, மகனும் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் புத்தளத்துச் சாரதி அலியார் ஒரு முறிந்த இரும்புக்கையைச் சந்தியோகுவின் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டியது. கடைசலைப் பார்த்ததுமே தன் வேலை என்று சந்தியோகுவுக்குத் தெரிந்துவிட்டது.

“பாலத்தில நிண்ட பெடியன் தந்தவன், அண்ணை. அப்பா புதுசாச் செய்து தருவாராம்.”

சந்தியோகு பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டார். தடித்த இரும்பாகப் பார்த்து லேத்தில் இறுக்கிப் பூட்டினார். அழுதபடியே கடைந்தார். துளைகளைத் திரும்பத் திரும்ப அளந்து, அலியாரிடம் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் அலியார் அந்தப் புதிய கையோடு வந்தார். அதுவும் முறிந்து நனைந்திருந்தது.

“இதுவும் தாங்கேல்லையாம், அண்ணை. திரும்பவும் கடலுக்குள்ள விழுந்தவனாம்.”