முதல் வாசகர்

"பன்னிரண்டாவது அத்தியாயத்துல எனக்குத் தூக்கமே வந்துடுச்சு சார்," என்றார் அதிகாரி.

எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தாளர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். காலையில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "ஒரு சின்ன விஷயம் கேக்கணும், வாங்க" என்று வண்டியில் ஏற்றி, ஜன்னலே இல்லாத இந்த அறையில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அரசாங்கத்தின் கணினிக் கண்காணிப்புத் துறை. மேஜைமேல் அவருடைய நாவல், அச்செடுத்து, தலையணை கனத்தில் கிடந்தது.

அரசாங்கம் மக்களின் கம்ப்யூட்டர்களை ரகசியமாக வேவு பார்க்கும் பரபரப்பு நாவல் அது. பரபரப்பு என்பது எழுத்தாளரின் கருத்து. பதிப்பாளர்கள் கருத்தே சொல்லவில்லை. அனுப்பிய கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருந்தார்கள். போன வாரம்தான் அவர் மனைவியிடம், "இனிமே கதை எழுதினா என்னை ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினார். அன்றைக்கு அவர் சாப்பிடக்கூட இல்லை.

"இது உங்க கைக்கு எப்படி சார் வந்துச்சு?"

"உங்க வீட்டு மெயில்லேருந்து போயிருக்கு. 'திட்டம் தயார். முழு விவரமும் உள்ளே. சீக்கிரம் வெடிக்கும்'னு எழுதி, இதை இணைச்சிருக்கு. எங்க மெஷின் பிடிச்சுக்கிச்சு. மெஷின் பிடிச்சா, யாராவது ஒரு அதிகாரி முதல் எழுத்துலேருந்து கடைசி எழுத்து வரைக்கும் படிச்சே ஆகணும். இந்த வாட்டி என் தலையில விழுந்துச்சு."

எழுத்தாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "என் மனைவி அவ தம்பிக்கு அனுப்பியிருப்பா சார். புத்தகம் வெளிய வந்து அமர்க்களப்படும்னு சொல்ல வந்திருக்கா. அவளுக்கு எதை எங்க எழுதணும்னு தெரியாது."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா இது நிஜத் திட்டமா, வெறும் கதையான்னு நான் முடிவு சொல்லணும். திட்டம்னா நீங்க உள்ளே. கதைன்னா வீட்டுக்கு." அதிகாரி ஒரு தாளை நகர்த்தினார். "முழுக்கப் படிச்சதுல, இவ்வளவு மோசமா யாரும் திட்டம் போட முடியாது. 'இது ஏமாற்றம் தரும் மோசமான கதை'ன்னு நீங்களே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க. கிளம்பிடலாம்."

எழுத்தாளர் பேனாவை வாங்கினார். ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். கை என்னவோ நகர மாட்டேன் என்றது.

"மோசம்னா எந்த இடம் சார்?"

"எந்த இடத்தைச் சொல்ல? உங்க அதிகாரி ஒரு பொத்தானைத் தட்டினா ஊர்ல இருக்கிற ரகசியமெல்லாம் வந்து கொட்டுது. எனக்குக் காலையில இந்தக் கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்கிறதுக்குள்ள டீயே ஆறிடுது. ஒட்டுக்கேட்டா வர்றதுல பாதி, பூப்படம் போட்ட காலை வணக்கம். அப்புறம், மந்திரிதான் வில்லன்னு ரெண்டாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"மந்திரி வில்லன் இல்லை சார். அவரோட மருமகள்."

"தெரியும். கடைசியில வருது." அதிகாரி தாள்களைப் புரட்டினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்த மருமகள் மட்டும் பரவாயில்லை. மாமனாரோட கம்ப்யூட்டரை வேவு பார்த்துக்கிட்டே அவருக்கு மாத்திரையும் எடுத்துக் கொடுக்கிறா பாருங்க. அந்த இடத்தை மட்டும் ரெண்டு வாட்டி படிச்சேன்."

"ஒரு வாட்டி படிச்சா போதுமே சார்?"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எழுத்தாளர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார். "மன்னிக்கணும். மோசம்னு கையெழுத்துப் போட மாட்டேன். உள்ளே வைக்கிறதுன்னா வையுங்க."

அதிகாரி அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து அவரே எழுதினார்: 'இது கதைதான். பல இடங்களில் ஏமாற்றம். மருமகள் வரும் இடங்கள் அருமை. அவள் இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.' முத்திரையைக் குத்திவிட்டு, வாசல்வரை கூடவே வந்தார்.

"ரெண்டாம் பாகம் எழுதினா அவளைச் சாகடிச்சுடாதீங்க," என்றார் காதோடு.

எழுத்தாளர் தெருவில் கால் வைத்தபோது, தேர்தலில் ஜெயித்தவரைப் போல நடந்தார். ஒரு மனிதர், முழு மனிதர், தன் நாவலைக் கடைசி வரைக்கும் படித்திருக்கிறார். காலையில் அந்த வண்டிக்குப் பின்னாலேயே ஆட்டோ பிடித்து வந்து, எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து வந்தாள். அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்தவருக்கு அதில் ஆவல்தான் தெரிந்தது.

"பக்கத்தைத் தள்ளாம படிச்சாரா?" என்றாள்.

எழுத்தாளர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "அவர் படிச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"கட்டைப் பிரிக்காதவங்களுக்கே அனுப்பிக்கிட்டிருந்தா எப்படிங்க? படிச்சே தீரணும்கிறவங்க யாருன்னு யோசிச்சேன்." அவர் கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்தாள். "எந்தெந்த வார்த்தையைப் போட்டா அந்த மெஷின் பிடிக்கும்னு மூணாம் அத்தியாயத்துல நீங்கதானே எழுதியிருக்கீங்க, அதே வார்த்தைகளைப் போட்டுத்தான் அனுப்பினேன்."