மூன்றாவது சுற்று

ராமையாவின் தோளைப் பார்த்துத்தான் சன்னாசி கத்தியை வீசினான். தோள் தப்பியது, தோளிலிருந்த கொள்ளிக்குடம் சிதறியது. மொட்டைத் தலையெல்லாம் தண்ணீர் வழிய, ராமையா சிதைக்கட்டைகள் மேல் போய் விழுந்தான்.

குடத்தோடு பிணத்தைச் சுற்ற இன்னும் ஒரு சுற்றுதான் பாக்கி.

"யாரக் கேட்டுடா மொட்ட போட்ட? செத்தது எங்க ஐயாலா! கொள்ளி நான்தான் வைப்பேன்!"

சித்தியவானுக்கு மரம் ஏற்றிப் போன லாரியைப் பாதியில் திருப்பிக்கொண்டு வந்திருந்தான் சன்னாசி. சிம்பாங் பூலாய் ஊரைத் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் நுழைவதற்குள் பாடையைத் தூக்கிவிட்டார்கள். நேராக வீட்டுக்குள் ஓடியவன், கூரையில் செருகியிருந்த ஐயாவின் பாராங் கத்தியை உருவிக்கொண்டு சுடுகாட்டுக்குப் பாய்ந்தான். இத்தனை வருஷமாக அவர் யாரையும் தொடவிடாத கத்தி அது.

"மாமா சொன்னது மச்சான். ஆஸ்பத்திரியில எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. சன்னாசி கொள்ளி வைக்கக் கூடாதுன்னாரு."

"ஏன்?"

ராமையா முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயிலேயே ஒரு குத்து விழுந்தது. பல் ஒன்று ரத்தத்தோடு மண்ணில் தெறித்தது.

சிதை மேல் கிடந்த உடையப்பக் கங்காணிக்குப் பிள்ளை இல்லை; ராமையா அவர் தங்கை மகன். முப்பது வருஷத்துக்கு முன்னால், ரப்பர் பாலுக்காக மரம் சீவிக்கொண்டிருந்த மாயாண்டி தாயில்லாத மூன்று வயது மகனைத் தொழிலாளர் லயத்தில் விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கு ஓடிப்போனதாகத் தோட்டமே பேசியது. அந்த மகனைத் தோளில் தூக்கிக்கொண்டவர் கங்காணி. அவன்தான் சன்னாசி.

பிள்ளைத்தாச்சியை எட்டி உதைத்த தோட்டத்துக் கணக்கர், கிராணியின் தாடையை உடைத்துவிட்டு லாக்கப்பில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அவர். ஈப்போவிலிருந்து சைக்கிள் சங்கிலியோடு வந்த ரௌடிகளைத் தனியாளாக ரயில் பாலம் வரை துரத்தியடித்தவர். தோட்டமே அவரைக் கும்பிட்டது.

அவர் பயந்தது சாமிக்கு மட்டும். மேட்டு நிரையின் கடைசி ரப்பர் மரத்தடியில், தீபாவளிக்கு மறுநாள் தவறாமல் சோறும் கள்ளும் படைப்பார். சொம்பைச் சன்னாசியிடம் நீட்டி, "காவல்காரச் சாமிக்கு நீ தண்ணி ஊத்துடா" என்பார். எழுபத்தொன்பதாம் வருஷம் எண்ணெய்க்கான செம்பனை நடுவதற்காக ரப்பர் மரங்களைச் சாய்த்தபோது, அந்த ஒரு மரத்துக்கு முன்னால் இதே கத்தியோடு நின்று புல்டோசர்காரன் கையைக் கிழித்தார். மரம் பிழைத்தது.

"நான் வளர்ப்புப் புள்ளைன்னுதானே? அவரு ரத்தம் இல்லன்னுதானே? சொல்லுடா!"

சன்னாசி ராமையாவின் நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். விலா எலும்பு ஒன்று முறிந்த சத்தம் நின்றவர்களுக்கும் கேட்டது.

"விடுறா! செத்துரப் போறான்லா!" என்று யாரோ கத்தினார்கள். கிட்டே போக எவனுக்கும் துணிச்சலில்லை.

ராமையா ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கவில்லை. "கொன்னு போடு மச்சான். சத்தியத்த மீற மாட்டேன்."

கத்தி மேலே போனது.

"சன்னாசி!"

கூட்டம் விலகியது. பெண்கள் கால் வைக்காத அந்தச் சுடுகாட்டுக்குள், தலைவிரி கோலமாய் ஓடிவந்தாள் நல்லம்மாள், கங்காணியின் மனைவி. ஓடிவந்த வேகத்தில் சன்னாசியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தா, நீயாச்சும் சொல்லு! ஐயாவுக்குக் கொள்ளி வைக்க எங்கிட்ட என்ன கொற?"

"கொற ஒங்கிட்ட இல்லடா." அவள் பிடியை விடவில்லை. "வருஷா வருஷம் அந்த மரத்தடியில தண்ணி ஊத்துனியே, அங்க சாமி ஒண்ணும் இல்ல. உங்கப்பன் சிங்கப்பூருக்கும் போகல. அங்கதான் கெடக்கான்."

சன்னாசியின் முழங்கால் தானாக விலகியது. சிதையைப் பார்த்தான். விறைத்துக் கிடந்த அந்தப் பெரிய வலது கையைப் பார்த்தான்.

"கள்ளு வெறியில நடந்துபோச்சுடா..." அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தியை வாங்கிய நல்லம்மாள், அதைக் கணவனின் கையருகில் வைத்தாள்.

"வெட்டுனது இந்தக் கத்திதான்."