ஆறாவது தம்ளர்

ஊரடங்கு தளர்ந்த பிறகு கெய்ரோவின் அந்தத் தேநீர்க்கடைக்குள் ஐந்து பேருக்குத்தான் அனுமதி. அடுப்படியிலிருந்து ஐந்து தேநீர் அனுப்பிய ஷுக்ரிக்கு ஆறு காலித் தம்ளர்கள் திரும்பி வந்தன.

"எவனடா ஒளிச்சு உட்கார வச்சிருக்க? கடைக்குச் சீல் வச்சிடுவாங்க!"

"நீங்களே வந்து பாருங்க மாஸ்டர்," என்றான் பரிமாறுகிற பயூமி.

எட்டிப் பார்த்தார். ஐந்தே பேர். மூலை மேசைமேல் நாற்காலி கவிழ்ந்தே கிடந்தது. ஏப்ரலில் தொற்றில் இறந்துபோன தையல்காரர் எட்வரின் இடம் அது.

ஆறாவது தம்ளரைக் கழுவ எடுத்தார். அடியில் புதினாத் தண்டு முடிச்சிடப்பட்டிருந்தது. குடித்து முடித்ததும் அப்படி முடிச்சுப் போடுகிறவர் எட்வர் ஒருவர்தான்.

"கொழுப்பாடா உனக்கு? செத்தவரை வச்சா விளையாடுற?"

பயூமி மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். கவிழ்ந்து கிடந்த நாற்காலி இப்போது தரையில், அடுப்புப் பக்கம் திரும்பி நின்றது.