அண்ணா என்று கூப்பிட்டாள்

“உக்காருங்கண்ணா” என்றாள் நர்ஸ் வினோதா.

திம்மராயன் உட்காரப் பயந்தான். சர்க்கரை மாத்திரைக்கு மாதாமாதம் சுகாதார நிலையத்துக்கு வரும் அவனை அவள் ‘யோவ்’ என்றுதான் கூப்பிடுவாள். பீடி வாடை அடித்தால் வரிசையில் நிற்பவர்கள் முன்னாலேயே திட்டிக் கிழித்துவிடுவாள்.

இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“பொண்ணு கல்யாணத்தைப் பாக்கணும்னு ஆசை இருக்குமில்லண்ணா?”

“இருக்குதுங்க. ரத்தத்துல ஏதாச்சும் வந்திருக்குதுங்களா?”

“அத விடுங்க. பீடியப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க? எதுவானாலும் உங்க இஷ்டம்தான்.”

உங்க இஷ்டம். பெங்களூர் ஆஸ்பத்திரியில், இனிப் பிழைக்கமாட்டான் என்று அவன் அண்ணனைக் கைவிட்டபோதும் டாக்டர் இதையேதான் சொன்னார்.

போச்சம்பள்ளிக்குக் கம்பெனி பஸ் ஏறுமுன் பீடிக்கட்டைச் சாக்கடையில் எறிந்தான். ஷிப்டில் யார் நீட்டிய பீடியையும் வாங்கவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவன் மனைவி மாதம்மா வீங்கிய கண்களோடு வினோதா முன் வந்து நின்றாள்.

“மறைக்காம சொல்லும்மா. அவருக்கு இன்னும் எத்தனை நாளு?”

‘அண்ணா’ என்றதில் அவன் பயந்த கதையைக் கேட்டதும் வினோதா தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ அக்கா, அவருக்கு ஒண்ணுமில்ல. போன வாரம் கிருஷ்ணகிரியில எங்களுக்கு ட்ரெயினிங். திட்டாதீங்க, பயமுறுத்தாதீங்க, அன்பா பேசியே கெட்ட பழக்கத்தை விட வைங்கன்னு சொல்லிக் குடுத்தாங்க. நானே வந்து அவருகிட்ட சொல்லிடறேன்.”

மாதம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள்.

“சொல்லிடாதம்மா. நேத்துலருந்து பீடியத் தொடல. அடுத்த மாசமும் அண்ணான்னே கூப்பிடு.”