குண்டம்மாவின் எடை

“மூணு கிலோ ஏறிட்டா டாக்டரம்மா!” மூட்டைக்காரர் கசங்கிய சீட்டை மேசையில் வைத்து நீவினார். அவர் மூட்டை தூக்கும் கிடங்கின் தராசில், குண்டம்மாவைக் கையில் ஏந்தியபடி வாராவாரம் ஏறி நின்று எழுதி வந்தது. அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்து நாலு.

குண்டம்மா பதினாலு வயதுப் பூனை. தட்டுத் தட்டாகத் தின்றும் எலும்பும் தோலுமாகப் போனவளுக்கு, மூன்று மாதம் முன்பு ரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவர், தைராய்டு எகிறிவிட்டது என்றார். மாத்திரையைத் துப்பிவிடுகிறாள் என்பதால், இரண்டு வேளையும் காது மடலில் தடவ, தைராய்டை இறக்கும் களிம்பு கொடுத்தனுப்பினார்.

“வீட்ல ஒத்தாசைக்கு யாரு?”

“இவதான்.”

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. மூட்டைக்காரர் கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மருத்துவர் குண்டம்மாவை மட்டும் சின்னத் தராசில் வைத்தார். இரண்டே முக்கால். போன முறை மூன்று. நெஞ்சில் குழாயை வைத்தால், துடிப்பு எண்ணி மாளவில்லை. காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவிலும் தைராய்டு இம்மியளவும் இறங்கவில்லை.

“இப்படியே போனா இதயம் தாங்காதுய்யா. நிஜத்தைச் சொல்லுங்க, மருந்து தடவுறீங்களா?”

அவர் முகம் தொங்கிப்போனது. “இவளும் போயிட்டா அந்த வீட்ல நான் யார்கிட்ட வாயைத் திறப்பேன்? ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லம்மா.”

“எப்படித் தடவுறீங்க? செஞ்சு காட்டுங்க.”

அவர் வெறுங்கையை நீட்டினார். “களிம்பு சில்லுன்னு இருந்தா காதை உதறிடுவா. அதனால உள்ளங்கையில வெச்சு, ரெண்டு கையாலயும் நல்லாத் தேய்ச்சுச் சூடாக்கிட்டு, அப்புறந்தான் தடவுவேன்.”

“கையுறை குடுத்தேனே?”

“டப்பா பிரிக்காம இருக்கு. இவளுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. உறை போட்டா யாரோன்னு கட்டிலுக்கடியில போயிடறா. வெறுங்கைன்னா மடியிலயே கிடப்பா. நானும் அப்படியே அசந்துடுவேன். இப்பல்லாம் உட்கார்ந்தாலே தூக்கம்தான்.”

மருத்துவர் சீட்டைப் பார்த்தார். கம்பளிச் சட்டையைப் பார்த்தார். பிறகு பூனையை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்து, நாடியை எண்ணினார்; அது மிக மெதுவாகத் துடித்தது.

“மருந்து நல்லாத்தான் வேலை செஞ்சிருக்குய்யா... உங்களுக்கு!”