கட்டையை விடாத பூரணி

கண்ணாடிப் பெட்டியில் வளர்ந்த பூரணி என்ற பாம்புக்கு உடலெங்கும் அரிப்பு. கடுகைவிடச் சிறிய உண்ணிகள் செதிலுக்கடியில் புகுந்து அவள் ரத்தத்தைக் குடித்தன. இப்படியே போனால் உயிருக்கே ஆபத்து.

வளர்ப்பவர் அவளைக் குளிப்பாட்டி, மருந்து தடவி, பெட்டியையும் கழுவினார். கடைசியாக, அவள் படுத்துறங்கும் பழைய கட்டையை எடுக்கக் கை நீட்டினார். பூரணி பாய்ந்து அதைச் சுற்றிக்கொண்டாள்.

"விடுடி, பைத்தியமே!" என்று கட்டை பதறியது. "என் விரிசலெல்லாம் அதுங்க முட்டைதான். நான் அடுப்புக்குப் போனாத்தான் நீ பிழைப்பே!"

"நீ இல்லாம எனக்குத் தூக்கம் வராது!" என்று பூரணி சீறினாள்.

சீறலைக் கேட்டதும் வளர்ப்பவர் கையை இழுத்துக்கொண்டு பெட்டியை மூடினார்.

பூரணி நிம்மதியாகக் கட்டையில் தலை சாய்த்தாள். விரிசலுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"ரொம்ப நன்றி, அக்கா!"